படர்தாமரைக்கு அந்த ஆயின்மென்ட் ஏன் வேண்டாம்? – கேள்வி பதில்

ஏற்காடு காபித் தோட்டத்திலிருந்து: மழைக்காலத்தில் குடோனில் மூட்டையெல்லாம் பூஞ்சணம். அந்தக் காற்றைத்தான் நாள் முழுக்க சுவாசிக்கிறோம். நுரையீரலில் முளைக்காதா?

கீழே சேலத்தில் இருப்பவர்களும் தினமும் பூஞ்சை வித்துகளைச் சுவாசிக்கிறார்கள். அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து 2–3 மைக்ரான்தான். மூக்கைத் தாண்டிக் காற்றறை வரை போய்விடும். அங்கே மேக்ரோஃபேஜ் என்ற பாதுகாப்பு அணுக்கள் அதை விழுங்கிவிடும். தப்பிய வித்து முளைத்து நூலாக நீண்டால் விழுங்க முடியாது. அப்போது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வந்து சேரும். தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசி நூலை மடக்கும். பெரும்பாலும் அந்த முயற்சியிலேயே செத்தும் போகும். ஆஸ்துமாவோ பழைய டிபி தழும்போ இருந்தால் மட்டும் மூட்டை உதறும் வேலை வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலிருந்து: தொடை இடுக்கில் படர்தாமரை. மெடிக்கலில் கொடுத்த ஆயின்மென்ட் போட்டால் அரிப்பு உடனே போகிறது, விட்டால் இன்னும் பெரிதாக வருகிறது.

டியூபில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பும் அரிப்பும் பெரும்பாலும் பூஞ்சையோடு உங்கள் உடம்பு போடும் சண்டைதான். பூஞ்சையின் சுவரில் பீட்டா குளுக்கான் என்றொரு பொருள் உண்டு, நம் செல்களில் அது கிடையாது. நம் பாதுகாப்பு அணுக்களின் மேல் இருக்கும் டெக்டின்-1 என்ற ஏற்பி அதைப் பிடித்துத் தகவல் சொல்ல, டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு நியூட்ரோஃபில்களை வரவழைக்கிறது. மேல்தோலும் வேகமாக உதிர்கிறது. ஸ்டீராய்டு இத்தனையையும் அடக்கிவிடும். அரிப்பு போச்சு, பூஞ்சைக்கோ கொண்டாட்டம்! வட்டத்தின் விளிம்பும் மங்கிவிடுவதால் டாக்டருக்கே சட்டென்று அடையாளம் தெரியாது. தோல் டாக்டரிடம் போகும்போது அந்த டியூபையும் எடுத்துப் போங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வரும்.

அம்மாப்பேட்டையிலிருந்து: எனக்கு சுகர். கருப்புப் பூஞ்சை இப்போதும் வருமா?

அபூர்வம்தான், ஆனால் வரும். 2021-ல் கொரோனாவோடு ஸ்டீராய்டும் கட்டுக்கடங்காத சுகரும் சேர்ந்தபோதுதான் அவ்வளவு பேரைப் பிடித்தது. சுகர் ஏறினால் நியூட்ரோஃபில்கள் மந்தமாகும். ரத்தத்தில் அமிலமும் கூடினால், கட்டுண்டிருக்கும் இரும்புச்சத்து அவிழும். இந்தப் பூஞ்சைக்கு அதுதான் தீனி. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி அல்லது வீக்கம், மூக்கில் கறுப்பாக வடிதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஜி.எச். போய்விடுங்கள்.

ஆத்தூரிலிருந்து: பூஞ்சைக்குத் தடுப்பூசி உண்டா?

மாட்டுக்குப் படர்தாமரைத் தடுப்பூசி உண்டு. மனிதருக்கு இன்னும் எதுவும் பயன்பாட்டுக்கு வரவில்லை.