கல்லூரியைப் பார்க்கப் போனால் கார் ஷெட்டைப் பாருங்கள்

பல்லடத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கட்-ஆஃப் 172. தறி மோட்டார் நின்றுபோனால் ஆள் வரும்வரை காத்திராமல் தானே கழற்றிப் பார்க்கிற பெண். மெக்கானிக்கல் எடுத்து, ஃபார்முலா கார் கட்டும் மாணவர் கிளப் உள்ள கல்லூரியில் சேர வேண்டும் என்கிறாள். பெரியப்பாவும் மாமாவும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடலாம், தறிக்குடோனை அடமானம் வைத்தால் பணம் புரண்டுவிடும் என்கிறார்கள். "பொம்பளப் புள்ள கிரீஸப் பூசிக்கிட்டு கிளப்பு கிளப்புனு அலைஞ்சா யாரு வேலை கொடுப்பாங்க?" என்று கேட்கிறார்களாம்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் நிரப்பும் நாள் நெருங்கிவிட்டதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். குடோனை அடமானம் வைக்காதீர்கள். வீட்டுக்குச் சோறு போடும் தொழிலை, பிள்ளை கேட்காத ஒரு படிப்புக்காக வட்டிக்காரரிடம் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சரியாகாது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை கேட்பதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது; ரசீது இல்லாமல் கொடுத்த பணம் பாதியில் விலகினால் திரும்பி வராது. முதல் பட்டதாரி சலுகைக்குத் தகுதி இருந்தால், அதுவும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பிரிவுகளின் கட்-ஆஃப் அங்குள்ள கம்ப்யூட்டர் சயின்ஸைவிடக் கீழேதான் நிற்கிறது. அதனால் அதே 172-க்கு, பணம் கொடுத்து வாங்கும் கல்லூரியைவிட நல்ல கல்லூரி அரசுக் கட்டணத்திலேயே கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

கோடிங் கிளப், என்.எஸ்.எஸ்., கலைவிழாக் குழு பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் மகள் கேட்பதைப் பற்றித்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை.

ஃபார்முலா ஸ்டூடன்ட் என்பது 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய போட்டி. மாணவர்களே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்து, செய்து, ஓட்டிக் காட்ட வேண்டும். இந்தியாவில் ஃபார்முலா பாரத் என்ற பெயரில், ஜனவரி மாதத்தில், உங்கள் ஊருக்கு அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. மொத்தம் 1000 புள்ளி. வடிவமைப்பை நடுவர்கள் முன் நியாயப்படுத்துவதற்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்துக்கு 75. ஆக 325 புள்ளி கார் ஓர் அங்குலம்கூட நகராமல் முடிவாகிறது. ஏன் இந்தத் தடிமன் குழாய், ஏன் இந்த ஸ்பிரிங், இதைவிட மலிவாகச் செய்ய முடியாதா என்று தொழில்துறைப் பொறியாளர்கள் குடைவார்கள். "சீனியர் அப்படித்தான் செய்தார்" என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது.

பெட்ரோல் காரில் எஞ்சின் 710 சி.சி.யைத் தாண்டக் கூடாது. நம் ஊர்க் குழுக்கள் பல கே.டி.எம். 390 பைக்கின் எஞ்சினைத்தான் வைக்கின்றன. எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. துளை ஒன்றின் வழியாகவே போக வேண்டும். சோதனையில் அந்த வாயை அடைப்பார்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாவிட்டால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். 3டி பிரின்டரில் செய்த காற்றுக்குழாய் சூட்டில் விரிசல் விட்டிருக்கும், அல்லது இணைப்பில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட் சரியாக உட்கார்ந்திருக்காது. பிறகு காரை 60 டிகிரி சாய்ப்பார்கள். எண்ணெய், பெட்ரோல், குளிர்நீர் ஒரு சொட்டும் ஒழுகக் கூடாது. ஓட்டுநர் 5 விநாடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். பிரேக் சோதனையில் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். இங்கேதான் நிறைய குழுக்கள் திணறுகின்றன. குழாயில் காற்றுக்குமிழி தங்கியிருக்கும், அல்லது முன்பின் பிரேக் விகிதம் சரியாக வைக்கப்படாமல் பின்சக்கரம் பூட்டாது.

எல்லாம் தாண்டினால் 22 கிலோமீட்டர் நீள்ஓட்டம். பாதியில் எஞ்சினை அணைத்து ஓட்டுநரை மாற்றி, மறுபடி கிளப்ப வேண்டும். கொதிக்கிற எஞ்சின் பலருக்கு அங்கே கிளம்புவதில்லை. எரிபொருள் குழாய் சூட்டில் ஆவி கட்டிக்கொள்ளும், பேட்டரி தளர்ந்திருக்கும். வேறு சில கார்களில் செயின் கழன்றுவிடும், அதிர்வில் கனெக்டர் விலகிவிடும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: கார் டிசம்பர் கடைசியில்தான் முடிந்தது, ஓட்டிப் பார்க்க நாள் இல்லை. அக்டோபரிலேயே ஓடத் தொடங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி உடைக்க வேண்டியதை முன்னாலேயே உடைத்துவிட்ட குழுதான் கோடு தாண்டும்.

இதை "பொழுதுபோக்கு" என்று சொல்பவர்களிடம் கேளுங்கள்: இருபது வயதில் பட்ஜெட் போட்டு, கோவை கணபதி பக்கம் லேத் பட்டறையில் ஜாப் ஒர்க் கொடுத்து, வந்த பாகத்தை வெர்னியரில் அளந்து, தவறு என்றால் திருப்பி அனுப்பத் தெரிந்த பிள்ளையை எந்தத் தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்லும்? ஹூண்டாய், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் எல்லாம் இருக்கும் மாநிலம் இது. முதல் வருடச் சம்பளம் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி கொடுப்பதைவிடக் குறைவாக இருக்கலாம், அதை மறைக்கவில்லை. ஆனால் சென்சார் தரவு பதியும் கருவிக்கு நிரல் எழுதுவதும் இதே குழுவின் வேலைதான். கம்ப்யூட்டர் பக்கம் போகும் கதவும் அவளுக்கு மூடிவிடாது.

ஆனால் எல்லாக் கல்லூரி கிளப்பும் இப்படி இல்லை. வாசலில் பேனர் கட்டி, நிர்வாகிகள் பதவியேற்பு விழா நடத்தி, சான்றிதழ் அச்சடிப்பதோடு முடிந்துபோகும் கிளப்புகள் ஏராளம். பட்டியல் நிரப்பும் முன் மகளை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். பிளேஸ்மென்ட் அலுவலகத்தைக் காட்டுவதற்கு முன், கார் கட்டும் ஷெட்டைக் காட்டச் சொல்லுங்கள். போன வருடக் காரின் தொழில்நுட்பச் சோதனைத் தாளைக் கேளுங்கள். எதில் தவறினார்கள், எப்படிச் சரி செய்தார்கள் என்று ஓர் இரண்டாம் ஆண்டு மாணவர் தடுமாறாமல் சொல்கிறாரா பாருங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் அறிவு இறுதியாண்டுக்காரர்களோடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. சட்டகத்தை யார் வெல்டிங் செய்தார்கள்? எல்லாமே வெளியே கொடுத்து வாங்கியது என்றால் அங்கே பிள்ளைகள் கற்பது கொள்முதல் மட்டும்தான்.

பெண் பிள்ளை என்பதால் இன்னொரு கேள்வியை நீங்களே கேட்க வேண்டும்: பெண்கள் விடுதி எத்தனை மணிக்கு மூடுகிறது? பையன்கள் நள்ளிரவுவரை எஞ்சின் ஏற்றிக்கொண்டிருக்க, பெண்கள் ஏழு மணிக்கு உள்ளே போய்விட வேண்டும் என்றால், அவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது பவர்பாயின்ட் தயாரிப்பதும் ஸ்பான்சர் கடிதம் எழுதுவதும்தான். ஆசிரியர் பொறுப்பில் நேர நீட்டிப்பு உண்டா, போன வருடம் உண்மையில் கொடுத்தார்களா என்று குழுவில் இருக்கும் பெண்களிடமே விசாரியுங்கள். பெண்களே இல்லாத குழு என்றால் நான் அடுத்த கல்லூரியைப் பார்க்கச் சொல்வேன்.

செலவில் தளராதீர்கள். ஒரு காருக்குப் பல லட்சம் ஆகும். அதைக் கல்லூரியும் ஸ்பான்சர்களும் தர வேண்டும். உறுப்பினர் பங்கு என்று வருடத்துக்குச் சில ஆயிரம் கேட்பது வழக்கம். அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று கேட்டால், பில் புத்தகத்தைக் காட்டாமல் கேட்டால், ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

மகளுக்கு: முதல் செமஸ்டரில் கணிதமும் இயற்பியலும் கையில் நிற்கட்டும், இரண்டாவதில் கிளப்புக்கு விண்ணப்பி. முதலில் குழாய் முனைகளைத் தேய்க்கவும் போல்ட் எண்ணவும்தான் விடுவார்கள், செய். முக்கிய இடங்களில் 8.8 வலிமைத் தரத்துக்குக் குறைந்த போல்ட் ஏன் கூடாது, பூட்டு நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது ஏன் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் மண்டையில் ஏறும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. போட்டி நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை முன்கூட்டியே வாங்கு, வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதே. ஓர் அரியர் விழுந்தால் அது முடியும்வரை பட்டறை வேலையை விட்டுவிட்டுச் செலவு அறிக்கை எழுதும் பிரிவுக்கு மாறு. மின்சாரக் கார் குழு என்றால் 600 வோல்ட் வரை வைத்திருப்பார்கள். பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் பேட்டரிப் பெட்டியின் பக்கம் போகாதே, எந்த சீனியர் சொன்னாலும் சரி.

கலந்தாய்வில் ஒரு விஷயம். பெரியப்பா மனம் நோகக் கூடாது என்று பட்டியலின் தலையில் இரண்டு கம்ப்யூட்டர் சயின்ஸைப் போட்டுவைக்காதீர்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் 'ஏற்றுக்கொண்டு மேல்நகர்வு' என்று கொடுத்தால், மேலே போட்டிருப்பது காலியாகும்போது அதையே கொடுத்துவிடுவார்கள், கையில் இருந்த மெக்கானிக்கல் வேறொருவருக்குப் போய்விடும். வேண்டாத பிரிவு பட்டியலிலேயே இருக்கக் கூடாது. பட்டியலை மகளே டைப் செய்யட்டும். ஓ.டி.பி. வரும் ஃபோன் அன்றைக்கு உங்கள் கையில் இருக்கட்டும், மாமா கையில் வேண்டாம்.