முதல் சந்திப்பும் மதுவும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: செயலியில் பழகிய ஒருவரை முதன்முறையாக நேரில் பார்க்கப் போகிறேன். மதுவும் இருக்கும். எத்தனை கிளாஸ் வரை பயமில்லை?

பதில்: எத்தனை என்பதைவிட, அதை எப்போது முடிவு செய்கிறீர்கள் என்பதே முக்கியம். மது முதலில் கைவைப்பது நிதானத்தில்தான். ஆகவே எத்தனை கிளாஸ், எத்தனை மணிக்குக் கிளம்புவது, எதில் திரும்புவது, மூன்றையும் வீட்டிலேயே தீர்மானித்துவிடுங்கள். நம்பிக்கையான ஒருவருக்கு இடத்தையும் நேரத்தையும் சொல்லி வையுங்கள். சந்திக்கப் போகிறவரின் வண்டியில் போகாதீர்கள். அப்புறம் திரும்பும் நேரம் அவர் கையில்தான்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் மது சீக்கிரம் ஏறும். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு சிறிய பெக்கைத்தான் கரைக்கும். காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது.

கிளாஸ் பாதியாகும்போதே எதிரில் இருப்பவர் ஊற்றிக்கொண்டே இருந்தால் கணக்கு தப்பிவிடும். "முடித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கையால் கிளாஸை மூடுங்கள். அப்போது அவர் முகம் சுளித்தாலோ வற்புறுத்தினாலோ, கிளம்ப அதுவே போதுமான காரணம்.

கேள்வி: பானத்தில் மருந்து கலந்தால் ருசியில் தெரியுமா?

பதில்: பெரும்பாலும் தெரியாது. கழிவறைக்குப் போய்வந்தால் பழைய கிளாஸைத் தொடாதீர்கள். மருந்துதான் என்றில்லை, சொல்லாமல் கூடுதல் மதுவை ஊற்றிவிடுவதும் நடக்கிறது. குடித்த அளவுக்குப் பொருந்தாத மயக்கம் வந்தால் உடனே ஊழியரிடம் சொல்லுங்கள், முன்பே சொல்லி வைத்த நம்பிக்கையானவரைப் போனில் கூப்பிடுங்கள். கூட இருப்பவர் "நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்றாலும் அவருடன் தனியாக வெளியேற வேண்டாம்.

கேள்வி: தூக்க மாத்திரை எடுக்கிறேன். கொஞ்சமாகக் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும்.

கேள்வி: என் தோழி அன்றிரவு நன்றாகப் பேசினாள், நடந்தாள். மறுநாள் எதுவுமே நினைவில்லை என்கிறாள். நடிக்கிறாளா?

பதில்: இல்லை, அது உண்மையாகவே நடப்பதுதான். மது வேகமாக ஏறும்போது மூளையில் புது நினைவுகளைப் பதியும் பகுதி வேலை செய்வதை நிறுத்திவிடும். பேச்சும் நடையும் அப்போதும் இருக்கலாம். அதனால் வெளித்தோற்றத்தை வைத்து ஒருவர் தெளிவாக இருக்கிறார் என்று நினைப்பது ஆபத்து. நெருக்கத்துக்கு அந்த நிலையில் அவர் "சரி" என்றாலும், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தேகமாக இருந்தால் பத்திரமாக வீட்டில் விட்டுவிட்டு, தெளிந்த பிறகு பேசுங்கள். உண்மையாகவே விருப்பம் இருந்தால் அது நாளைக்கும் இருக்கும்.

அவர் எழுப்பியும் எழவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது, மூச்சுக்கு மூச்சு 10 வினாடி இடைவெளி விழுகிறது என்றால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நேற்று ஏதோ நடந்திருக்கிறது, சரியாக நினைவில்லை. நானும்தானே குடித்தேன், யாரிடம் சொல்வது?

பதில்: குடித்தது குற்றமில்லை. உங்கள் சம்மதமில்லாமல் தொட்டவர்தான் குற்றவாளி. இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சில மயக்க மருந்துகள் 12 மணி நேரத்துக்குள் சிறுநீரில் இருந்தே மறைந்துவிடும். தாமதமாகிவிட்டது என்று தோன்றினாலும் போங்கள். முடிந்தால் குளிக்காமல், அன்று போட்டிருந்த துணிகளைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தனியாகப் போகாதீர்கள், நம்பும் ஒருவரை இப்போதே கூப்பிடுங்கள்.