அளவுக் கல்லும் ஆள் கணக்கும்

கோத்தகிரி வாசகர்: பக்கத்துத் தோட்டக்காரரோடு வேலித் தகராறு என்றால், பணம் கட்டிய பிறகு சர்வேயர் வந்து புலப்படத்தை வைத்து அளந்து கல் நட்டுவிடுகிறார். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் நில எல்லையை முடிவாக்க 1974 முதல் 2015 வரை ஏன் 41 ஆண்டு பிடித்தது?

உங்கள் சர்வேயர் கையில் படம் ஏற்கெனவே இருக்கிறது. நாடுகள் அந்தப் படத்தையே முதலில் உண்டாக்க வேண்டும். எல்லைக் கோட்டை ஒப்பந்தத்தில் சொற்களால் எழுதுவார்கள், பிறகு துண்டு வரைபடங்களில் வரைந்து இரு தரப்பும் கையெழுத்திடும், கடைசியில்தான் தூண். 4,096 கி.மீ. எல்லையில் இழுத்துக்கொண்டே கிடந்தது மூன்று இடங்களில் சுமார் 6.1 கி.மீ. மட்டுமே. அவற்றில் ஒன்று திரிபுரா பக்கத்து முகுரி ஆறு. எல்லை குறிக்கும் சமயத்தில் ஆற்றின் நடுவோட்டம் எங்கே போகிறதோ அதுவே நிலையான எல்லை என்றது இரு நாடுகளும் 1974-ல் செய்த நில எல்லை ஒப்பந்தம். எழுத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் குறிக்கும் வேலை தள்ளிப்போனதே, ஆறு அதுவரை சும்மா இருக்குமா?

பெரிய தாமதம் சட்டத்தில். வங்கதேசம் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த காலம் அது. மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானோடு பங்கிட 1958-ல் நேரு ஒப்புக்கொண்டதும் எதிர்ப்பு வந்தது, குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். இந்திய மண்ணை விட்டுக்கொடுக்க அரசியலமைப்பைத் திருத்தியாக வேண்டும் என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1974 மே 16 அன்று நில எல்லை ஒப்பந்தத்தில் இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரகுமானும் கையெழுத்திட்டார்கள். வங்கதேசம் அந்த ஆண்டே ஒப்புதல் தந்தது. நம் பக்கம் அதற்கான 100-வது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது 2015 மே மாதம். ஒப்புதல் ஆவணங்களை ‘இயன்றவரை விரைவில்’ பரிமாற வேண்டும் என்றுதான் 1974-ல் எழுதினார்கள், தேதி போடவில்லை. கடன் பத்திரத்தில்கூட நாம் அப்படி எழுதுவதில்லை.

குன்னூர் வாசகர்: கச்சத்தீவுக்கு மட்டும் ஏன் திருத்தம் இல்லை?

அது நம்முடையது என்று முடிவாகாத இடம், கோடு போட்டோமே தவிர விட்டுக்கொடுக்கவில்லை என்பது மத்திய அரசின் வாதம். அதை எதிர்த்துத்தான் வழக்குகள்.

கூடலூர் வாசகி: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து டான்டீயில் (அரசின் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. எங்கள் தாத்தா பாட்டியிடம் பேசாமலே இந்திய வம்சாவளித் தமிழர்களை அங்கே 3 லட்சம் பேர், இங்கே 5.25 லட்சம் பேர் என்று 1964-ல் பிரித்தார்கள். வங்க எல்லையிலும் அப்படித்தானா?

இல்லை, அங்கே ஆட்களைக் கேட்டார்கள். ஒரு நாட்டு மண்ணால் முழுக்கச் சூழப்பட்ட மற்ற நாட்டு நிலத் துண்டுதான் திட்டு. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் திட்டுகளும் (17,160 ஏக்கர்), இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் திட்டுகளும் (7,110 ஏக்கர்) இருந்தன. 2011 ஜூலையில் இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து எண்ணியதில் 51,549 பேர். 2015 ஜூலையில் மறுபடி போய் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டுப் பதிந்தார்கள். ஜூலை 31 நள்ளிரவில் நிலம் கைமாறியது. இந்தியாவுக்கு வர விரும்பியவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. நம் பக்கத் திட்டுகளிலிருந்து ஒருவரும் போகவில்லை.

கோளாறு பட்டியலில் வந்தது. 2011 கணக்கெடுப்பின்போது வெளியூரில் கூலி வேலைக்குப் போயிருந்தவர்களின் பெயர் விடுபட்டது. அந்தப் பட்டியலே அடிப்படை என்பதால் பிறகு சேர்ப்பது கடினம். இன்னொன்று நிலம். இந்தியா வர 2015 நவம்பர் 30 கெடு, அதற்குள் விற்க அவசரம். பல பத்தாண்டுகளாக முறையான பத்திரப்பதிவே நடக்காத மண் அது, பத்திரமில்லாத நிலத்துக்கு அவசரத்தில் நல்ல விலை எங்கிருந்து வரும்?