கேளுங்கள், சொல்கிறோம்: தள்ளுபடிக் காலம்

கே: பண்டிகை வந்தாலே விளம்பர இரைச்சல் அலுப்பூட்டுகிறது. ஆனாலும் ‘50% + 20% தள்ளுபடி’ என்று கண்ணில் பட்டால் கை நிற்பதில்லை. நிஜமாகவே 70 சதவீதம் குறைகிறதா?

ப: 60தான். 100 என்ற விலை முதலில் 50 ஆகும். அந்த 50-ல்தான் 20 சதவீதம், அதாவது 10 கழியும். நீங்கள் கொடுப்பது 40. நாம் கூட்டிக்கொள்வோம் என்று தெரிந்துதான் பிரித்துப் போடுகிறார்கள். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதும் ஒன்றுக்கு 33 சதவீதம்தான், அதுவும் மூன்றும் தேவைப்பட்டால். பதாகையில் ‘50%’ ஆள் உயரம் இருக்கும், பக்கத்தில் ‘வரை’ எறும்பு அளவில் இருக்கும். நாலைந்து பொருளுக்கு மட்டும் பாதி விலை வைத்தாலே அந்தப் பதாகை பொய்யாகாது.

அடித்துக் காட்டும் பழைய விலையையும் நம்பாதீர்கள். ஏற்றிவிட்டுக் குறைப்பது பழைய வித்தை. இதற்காகவே ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல், பொதுவாக முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். நீங்களும் ஒரு மாதம் முன்பே விலையைக் குறித்து வையுங்கள், மாடல் எண்ணோடு. பார்க்க ஒரே மாதிரி இருந்து, எண்ணில் ஓர் எழுத்து மட்டும் மாறிய மலிவு மாடல்கள் தள்ளுபடி விற்பனைக்கென்றே வருவதுண்டு.

கே: வட்டியில்லாத் தவணையில் வாங்கலாமா?

ப: மொத்தமாகக் கட்டினால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். அது 92, தவணையில் 100 என்றால் அந்த 8தான் வட்டி. செயலாக்கக் கட்டணம் தனி. ‘ஃப்ளாட் 12%’ என்றால் இன்னும் உஷார்: அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே விழும். 12 மாதத் தவணையில் உண்மை வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டும்.

கே: வீட்டில் எட்டுப் பேர். ஒருவருக்கொருவர் பரிசு வாங்கியே ஓய்ந்து போகிறோம்.

ப: பின்னே, ஆளுக்கு ஏழு என்றால் 56 பரிசு ஆயிற்றே! சீட்டுப் போட்டு ஆளுக்கு ஒருவர் என்று வைத்தால் எட்டோடு முடியும். வெறுமனே சீட்டெடுத்தால் யாராவது ஒருவருக்காவது தன் பெயரே வர 63 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் சீட்டுகளைக் குலுக்கி வட்டமாக அடுக்குங்கள். ஒவ்வொருவரும் தன் சீட்டுக்கு வலப்பக்கச் சீட்டில் பெயர் இருப்பவருக்கு வாங்கட்டும். இதைக் கடைசி வாரத்தில் சொல்லாதீர்கள், யாராவது ஏழு பரிசையும் வாங்கி முடித்திருப்பார்கள்.