நுரையீரல் புற்றுநோய் உள்ளவருக்கு ரத்தத்தில் எல்.டி.எச். கூடினால் நோய் பரவிவிட்டது என்று அர்த்தமா?

அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எல்.டி.எச். உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கும் நொதி. செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும். எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பதை மொத்த அளவு காட்டாது.

நோயைச் சந்தேகிக்கும் முன் ரத்த மாதிரியைச் சந்தேகியுங்கள். சிவப்பணுவுக்குள் இந்த நொதி சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சினாலும் குழாயைக் குலுக்கினாலும் சிவப்பணு உடைந்து எண் எகிறும். ரிப்போர்ட்டில் 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணு உடைந்த மாதிரி) என்று இருந்தால் மறுபடி ரத்தம் கொடுப்பதுதான் சரி. அந்த எண்ணை வைத்துக் கவலைப்படுவது வீண்.

நுரையீரல் புற்றுநோயின் சிறுசெல் வகையில் பார்க்கும் என்.எஸ்.இ. என்ற இன்னொரு நொதிக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அது சிவப்பணு, தட்டணு இரண்டிலும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு சிவப்பணு உடைந்தாலே அளவு ஏறிவிடும். அதனால் ரத்தம் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிச் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். கருவிக்கு ஏற்ப மேல்வரம்பும் மாறும் என்பதால், தொடர்ந்து கவனிக்க ஒரே ஆய்வகம் நல்லது.

மாதிரி சரியாக இருந்தும் எல்.டி.எச். கூடியிருக்கிறதா? இனி மற்ற நொதிகளோடு சேர்த்துப் பாருங்கள். ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் ஜி.ஜி.டி.யும் சேர்ந்து ஏறினால் கவனம் கல்லீரல் பக்கம் போகும். ஜி.ஜி.டி. இயல்பாக இருந்து ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மட்டும் ஏறினால் எலும்பைச் சந்தேகிப்பார்கள். உறுதிசெய்வது ஸ்கேன்தான்.

சிகிச்சையும் எண்ணைக் குழப்பும். கீமோவுக்குப் பின் வெள்ளணு ஏற்றப் போடும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி, எல்.டி.எச்.சையும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸையும் தற்காலிகமாகக் கூட்டும். ஊசி போட்ட தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள். இம்யூனோதெரபியில் (நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சையில்) இருப்பவருக்கு ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற கல்லீரல் நொதிகள் ஏறினால் மருந்தே கல்லீரலில் அழற்சி உண்டாக்கியிருக்கலாம். மேல்வரம்பின் 3 மடங்கைத் தாண்டினால் பெரும்பாலும் அடுத்த டோஸைத் தள்ளிவைப்பார்கள்.

உண்மையில் அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. கீமோ தொடங்கிய முதல் சில நாட்களில் எல்.டி.எச்.சோடு யூரிக் அமிலம், பொட்டாசியம், பாஸ்பேட் மூன்றும் ஏறி, கால்சியம் இறங்கினால், கட்டிச் செல்கள் ஒரே நேரத்தில் உடைந்து சிறுநீரகத்தையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும் நிலை அது. சிறுசெல் வகையில் கட்டி பெரிதாக இருப்பவர்களுக்கு இந்த அபாயம் உண்டு. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்.டி.எச். இயல்பாக இருப்பதால் புற்றுநோய் இல்லை என்றும் ஆகாது. ஆரம்ப நிலையில் பலருக்கு அது வரம்புக்குள்தான் இருக்கும்.