அப்பாவுக்கு டயாலிசிஸ், எனக்கு எழுத வரவில்லை

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். வீட்டில் ட்யூஷன் எடுக்கிறேன். ஐந்தாறு வருடமாகத் தினமும் இரவு ஒரு மணி நேரம் கதை எழுதும் பழக்கம் உண்டு. இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்திருக்கின்றன. எட்டு மாதமாக அப்பாவுக்கு டயாலிசிஸ். புதனும் சனியும் புதுச்சேரிக்குக் கூட்டிப்போகிறேன். இப்போது நோட்டைத் திறந்தால் ஒரு வரி ஓடவில்லை. பாரதியார் அதே புதுச்சேரியில் அவ்வளவு கஷ்டத்திலும் எழுதினாரே, எனக்கு மட்டும் என்ன என்று குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. இதையே எழுதலாம் என்றால், அப்பாவின் நோயைக் கதையாக்குவது துரோகம் போலப் படுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: எழுதுவதை விடாதீர்கள் சகோதரி. கதையை மட்டும் கொஞ்ச நாள் விடுங்கள்.

ஒரு கதைக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நாலு பேரின் பேச்சு, மூன்றாம் பக்கத்தில் சொல்லி வைத்த ஒரு விஷயம், முடிவில் வரப்போகிற இடம், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மனதில் ஏந்திக்கொண்டு உட்கார வேண்டும். அந்த இடத்தில் இப்போது அப்பாவின் எடை, பொட்டாசியம், அடுத்த மாத ஊசிச் செலவு, காலை பஸ்ஸில் அவருக்கு சீட் கிடைக்குமா என்பதெல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. கவலை முதலில் பிடித்துக்கொள்வது மனதின் அந்தச் சின்ன மேடையைத்தான். உங்கள் திறமை எங்கேயும் போகவில்லை, அதற்கு உட்கார இடமில்லை.

பாரதி 1908இல் புதுச்சேரிக்கு வந்து பத்து வருடம் இருந்தார். போலீஸ் ஒற்றர்களின் கண்காணிப்பு, 1910இல் நின்றுபோன பத்திரிகை, கையில் காசில்லாத நிலை. அதற்குள்தான் பாஞ்சாலியும் குயிலும் பிறந்தார்கள். உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் அடுப்பெரிப்பதைப் பற்றிக் கவலைப்பட செல்லம்மாள் இருந்தார். உங்கள் வீட்டில் பாரதியும் நீங்கள், செல்லம்மாளும் நீங்கள். அந்த ஒப்பீட்டை இன்றோடு விடுங்கள்.

யாரையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அதே ஊரின் ஆனந்தரங்கப் பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி, துய்ப்ளெக்ஸ் அங்கே பிரெஞ்சு கவர்னராக இருந்தபோது அவருக்கு துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடையாளும். 1736இல் நாட்குறிப்பைத் தொடங்கியவர், 1761இல் இறக்கும் காலம்வரை எழுதினார். 1748இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்ட நாட்களும் அதில் இருக்கின்றன. இலக்கியம் படைக்க வேண்டும் என்று அவர் உட்காரவில்லை. எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை போனது, கவர்னர் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னேன், ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள், இவ்வளவுதான். இன்று அதைப் புரட்டினால் அந்த மனிதர்கள் நம் காதருகில் பேசுகிறார்கள். உங்களுக்கு இப்போது தேவைப்படுவது இந்த மாதிரி எழுத்து.

சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு ஒன்று வாங்குங்கள். கதை நோட்டைத் தொட வேண்டாம். அப்பாவை மெஷினில் போட்டுவிட்டு, சிஸ்டர் உங்களை வெளியே உட்காரச் சொல்வார் இல்லையா, அதுதான் உங்கள் நேரம். மெஷின் நாலு மணி நேரம் ஓடும் என்பதற்காக நாலு மணி நேரமும் எழுதப் பார்க்காதீர்கள். டீ குடிக்கப் போகுமுன் ஐந்து வரி. தேதி போடுங்கள். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும். துக்கம், வேதனை, பாரம் என்ற வார்த்தைகள் வேண்டாம். இப்படி:

“புதன். எடை 61.2. போன தடவையைவிட 2 கிலோ கூட. சிஸ்டர் அளவு சொன்னபோது அப்பா என்னைப் பார்க்கவில்லை. நேற்று இரவு அடுக்களையில் சொம்புச் சத்தம் கேட்டது. நான் விளக்குப் போடவில்லை.”

தண்ணீருக்கு அளவு வைத்திருக்கும் வீட்டில் அந்தச் சொம்புச் சத்தம் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். எழுத நாலு நிமிடம்கூட ஆகாது. இதில் ஒரு கதை இருக்கிறதே என்று கை பரபரக்கும். இப்போது வேண்டாம், மூடி வையுங்கள்.

இன்னொரு பயிற்சி. அப்பாவுக்குக் கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்த இடம், போட்டிருந்தால், அதன்மேல் விரல் வைக்கும்போது ஓர் அதிர்வு தெரியும். அது இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அந்த அதிர்வு எதைப்போல இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்குச் சுற்றுகிற பம்பரத்தை உள்ளங்கையில் ஏந்தியது போல இருந்தது. அதை எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் விரலுக்குத் தெரிவது வேறாக இருக்கும். திரும்பும்போது தவளக்குப்பம் தாண்டி பஸ் குலுக்கினால் பேனா வேண்டாம், போனில் மெதுவாகப் பேசிப் பதிவு செய்தால் போதும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் கரை கடந்த பிறகு மூன்று மாதம் நான் எதுவும் எழுதவில்லை. கரண்ட் வந்தது, ஓடு மாற்றியாயிற்று, அப்புறமும் எழுத்து வரவில்லை. ஒருநாள் மளிகைச் சீட்டின் பின்புறம், எங்கள் தெருவில் விழுந்த மரங்களை வீட்டு வரிசைப்படி எழுதினேன். முருங்கை, வேம்பு, மறுபடி முருங்கை, கோடி வீட்டு மா. அந்த மாமரத்துக்கு வந்ததும், அதன் கீழே உட்கார்ந்து பூக்கட்டும் அம்மா இப்போது எங்கே உட்காருகிறார் என்று ஒரு கேள்வி வந்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி எழுதத் தொடங்கினேன்.

ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைக்கிற ஆள் நீங்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்வரை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. சனிக்கிழமை முடியாவிட்டால் அடுத்த புதன்.

மனதில் இருப்பதையெல்லாம் கொட்டி எழுதினால் லேசாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தினம் 15 நிமிடம், நாலு நாள், தங்கள் வாழ்வின் மோசமான அனுபவத்தை எழுதினார்கள். பின்வந்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனத்துத்தான் இருந்தது. அதனால் இரவு தூங்கப் போகுமுன் அதைச் செய்யாதீர்கள். தாங்கவில்லை என்றால் பாதி வரியில் நிறுத்தலாம்.

அடுத்து, துரோகம். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய வார்த்தை இதுதான். குறித்து வைப்பது ஒன்று, ஊருக்குக் கொடுப்பது இன்னொன்று. சொம்புச் சத்தத்தை நீங்கள் எழுதுவது, அன்று இரவு அவரோடு விழித்திருந்ததன் ஒரு பகுதி. பத்திரிகைக்கு அனுப்பும் நாள் வந்தால் அப்போது அப்பாவிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அனுப்பாதீர்கள். மாறாக, மெஷின் ஓடும் நேரத்தில் அவரிடமே பழைய கதை கேட்டுப் பாருங்கள், உள்ளே விட்டால். துறைமுகத்தில் பார்த்தது, 1960களின் கடலூர், அவருடைய அம்மா வைத்த மீன் குழம்பு. எட்டு மாதமாக எல்லோரும் அவரிடம் எடையும் பிரஷரும் மட்டும்தான் கேட்கிறார்கள்.

எழுத்து மட்டுமல்லாமல் தூக்கம், பசி, பேச்சு எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் மங்கிக் கிடந்தால் நோட்டு போதாது. 14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

பாதியில் நிற்கும் கதை நோட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயைக் கட்டி, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். 2015இலும் 2024இலும் கடலூருக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குக் கீழ்த்தட்டில் வைத்த இரண்டு நோட்டுகள் போய்விட்டன.