நாளைக்காக இன்றே தயாராகும் உயிர்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: உயிர்கள் வரப்போவதற்கு முன்கூட்டியே தயாராகின்றன என்கிறீர்கள். ஆனால் எதிர்காலம் இன்னும் வரவேயில்லை. வராத ஒன்று இன்றைய செயலைத் தீர்மானிக்கும் என்பது அறிவியலா?

எதிர்காலம் எதையும் தீர்மானிப்பதில்லை. அமெரிக்கக் கோட்பாட்டு உயிரியலாளர் ராபர்ட் ரோசன் 1985-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சிக்கலைத்தான் அவிழ்த்தார். உயிருக்குள் அதன் சூழல் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் மாதிரி வடிவம் (model) ஒன்று இருக்கிறது. நிஜ உலகத்தில் நடப்பதை முந்திக்கொண்டு அது ஓடுகிறது. இனி என்ன நடக்கும் என்று மாதிரி காட்டுகிறதோ, அதற்கேற்ப உயிர் இப்போதே தன்னை மாற்றிக்கொள்கிறது. அந்த மாதிரி வடிவம் உருவானது கடந்த காலத்தில், வேலை செய்வது நிகழ்காலத்தில். ஆகவே காரணம் முன்னால், விளைவு பின்னால் என்ற வரிசை அப்படியே நிற்கிறது.

கேள்வி: வீட்டு ஃபிரிட்ஜும் சூடு ஏறினால் தானே ஓடத் தொடங்குகிறது. அதையும் இப்படி முன்கூட்டித் தயாராவதில் சேர்ப்பீர்களா?

மாட்டேன். சூடு ஏறிய பிறகுதான் அது ஓடுகிறது. நடந்ததற்கு எதிர்வினை அது.

கேள்வி: மூளையே இல்லாத பாக்டீரியா 'எதிர்பார்க்கிறது' என்பது மிகைப்படுத்தல் இல்லையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். உணவுப் பாதையில் பயணிக்கும்போது அது முதலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் சந்திக்கிறது, பிறகுதான் மால்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையை. லாக்டோஸைக் கண்டவுடனேயே மால்டோஸைச் செரிக்கும் மரபணுக்களும் ஓரளவு விழித்துக்கொள்கின்றன என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். மாற்றிச் செய்தால், அதாவது மால்டோஸை முதலில் கொடுத்தால், லாக்டோஸ் மரபணுக்கள் அசைவதில்லை. வரிசை அதற்குத் தெரிந்திருக்கிறது.

இது வெறும் வேதியியல் தற்செயல் என்று ஒருவர் வாதிடலாம். அதற்கும் சோதனை உண்டு. லாக்டோஸ் மட்டும் கிடைத்து மால்டோஸ் வரவே வராத சூழலில் சுமார் 500 தலைமுறைகள் வளர்ந்த பாக்டீரியாக்களில் அந்த முன்தயாரிப்பு மங்கிப்போயிருந்தது. பயன் இருந்தவரை இயற்கைத் தேர்வு அதைக் காத்தது. பயன் போனதும் கைவிட்டது.

ஆக, மாதிரி ஒரு தனி பாக்டீரியாவின் நினைவில் இல்லை. பரம்பரையின் மரபணு இணைப்பில் இருக்கிறது. ஒன்றை 'எதிர்பார்ப்பு' என்று அழைக்க நான் வைக்கும் அளவுகோல் மூளை அல்ல. அறிகுறிக்கும் அடுத்து வருவதற்கும் உள்ள தொடர்பை நாம் அறுத்தால் அந்த உயிர் ஏமாற வேண்டும். ஈ. கோலை ஏமாறுகிறது.

கேள்வி: தொட்டாற்சிணுங்கி மாலையில் இலை மூடுவது ஒளி குறைவதால்தானே?

ஒளி மட்டும் காரணமில்லை. 1729-இல் பிரெஞ்சு அறிஞர் தெ மெய்ரான் இந்த வகைச் செடியை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். ஒளியில்லாமலும் நேரத்துக்கு இலை விரிந்து மூடியது. சூரியன் வருமுன்பே தயாராக உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஆனால் அந்தக் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடாது, தினமும் திருத்த வேண்டும். பெரும்பாலும் திருத்துவது ஒளி. எப்போதும் அப்படியில்லை: மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனின் குழு 1981-இல் வெளியிட்ட வௌவால் ஆய்வைத் தமிழ் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். ஒளி புகாத குகையில் கூண்டில் வைத்த வௌவால்கள், சுற்றிலும் தம் கூட்டம் இருந்தவரை அதன் நேரத்தோடு ஒத்துப்போயின. கூட்டம் இல்லாதபோது கடிகாரம் தன்போக்கில் நகர்ந்தது.

கேள்வி: இந்தக் கணிப்பு தவறினால் என்ன ஆகும்?

எந்த மாதிரியும் உலகத்தின் சில அம்சங்களைத்தான் எடுத்துக்கொள்ளும். விட்டுப்போன அம்சம் மாறினால் கணிப்பு பிசகும். ரோசன் இதை அழுத்திச் சொன்னார். நெதர்லாந்தில் கூடு கட்டும் ஒருவகை ஈப்பிடிப்பான் பறவை குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. எப்போது கிளம்புவது என்பதை அதன் உடல் கடிகாரமும் பகலின் நீளமும் முடிவு செய்கின்றன. புவி வெப்பமடைந்ததால் நெதர்லாந்துக் காடுகளில் கம்பளிப்புழுக்கள் பெருகும் பருவம் முன்னே நகர்ந்துவிட்டது. பகலின் நீளம் மாறவில்லை. பறவை பழைய தேதிக்கே வந்து சேர்கிறது. குஞ்சுகளுக்கு ஊட்ட வேண்டிய நேரத்தில் புழு குறைந்துவிடுகிறது. புழுக்காலம் மிக முந்திப்போன இடங்களில் இந்தப் பறவைகள் சுமார் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தன என்று 2006-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.